முதல் தூண்டில்: ஏரி, கண்மாயில் மீன் பிடிக்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போடுவார். நம் தக்கை மட்டும் அசையாமல் நிற்கும். "எனக்கு ராசி இல்லை" என்று எழுந்து போவதுதான் வழக்கம். ராசிக்கு இதில் வேலையே இல்லை. புதிதாகத் தூண்டில் போடுபவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: முள் பெரிது, நரம்பு (தூண்டில் கயிறு) தடிமன், இரை நிற்கும் ஆழம் தவறு, கரையில் சத்தம் அதிகம். நான்கையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம். இந்த வழிகாட்டி அந்த நான்கைச் சுற்றியே நகரும்.

தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய், ஆற்று மடுக்களை மனதில் வைத்து எழுதியது இது. முதல் நாளிலேயே விராலுக்கும் கட்லாவுக்கும் ஆசைப்படாமல் ஜிலேபிக் கெண்டையில் தொடங்குங்கள். அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவருக்கு மற்ற மீன்கள் தானாக வசப்படும்.

முதலில் அனுமதி

பெரும்பாலான ஏரி, கண்மாய்களில் மீன்பாசி குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரிடமோ காவல்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் இறங்குவது தவறு. ஊரில் சண்டையும் வரும். "தூண்டில்தான், ஜிலேபிக்கு மட்டும்" என்றால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். சில இடங்களில் சிறு தொகை கேட்பார்கள். ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தால் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று தெரியும். மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைகளுக்கு விதிமுறைகள் தனி. அங்கே உள்ளூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கம்பை எடுக்க வேண்டும்.

கோயில் தெப்பக்குளத்திலும் குடிநீர் ஊருணியிலும் தூண்டில் போடக்கூடாது. வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் போன்றவை பறவைகள் சரணாலயங்கள். அங்கே இருக்கும் மீன் பறவைகளுடையது. ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காவிரிக் காடுகளில் வனவிலங்கு சரணாலயப் பகுதிகள் உண்டு என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மயில்கெண்டை இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. தப்பித் தவறி மாட்டினாலும் தண்ணீருக்கு வெளியே தூக்காமலே முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் கடலுக்கானது. ஏரிக்கும் குளத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் வெடி வைத்துப் பிடிப்பதும் நஞ்சு கலந்து பிடிப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

எந்த மீனுக்குப் போகிறோம்?

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரிலும் பெருகிக் கிடக்கிறது. பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிப்பதால் குஞ்சுகள் சேதாரமில்லாமல் பிழைக்கின்றன. நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன் இது. எத்தனை பிடித்தாலும் குளத்துக்கு நட்டமில்லை. பகலில் கடிக்கும், கரையோரம் நிற்கும், மண்புழு, மாவு இரண்டையும் தின்னும். கற்றுக்கொள்பவருக்கு வேறென்ன வேண்டும்!

கெளுத்தி அடிமட்டத்தில் மேயும். அந்தி சாய்ந்தபின் நன்றாகக் கடிக்கும். வளர்ப்புக் கெண்டைகள் மூன்றையும் வாயைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில் நிற்கும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அது சேற்றைக் கிளறும். எந்த ஆழத்தில் இரையை நிறுத்துவது என்பதை மீனின் வாயே சொல்லிவிடுகிறது.

கம்பு

ரீல் வைத்த கம்பை முதல் நாளே வாங்காதீர்கள். எறிவது, சிக்கெடுப்பது, இழுவை சரிசெய்வது என்று மூன்று வேலையை ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கும். 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கழி போதும். உள்ளே துளையில்லாத கல்மூங்கில் கிடைத்தால் நல்லது, நுனி வரை வளையும், எளிதில் முறியாது. பச்சையாக வெட்டியதைக் குறைந்தது மூன்று வாரம் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். வளைந்திருக்கும் இடத்தைத் தணலில் லேசாகக் காட்டி, சூடு ஆறும்வரை எதிர்ப்பக்கமாக அழுத்திப் பிடித்தால் நிமிரும். கணுக்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், நரம்பு உரசி அறுபடாமல் இருக்கும்.

நரம்பை நுனியில் மட்டும் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. நுனி முறிந்தால் மீனோடு எல்லாம் போய்விடும். நுனியிலிருந்து ஒரு முழம் கீழே உள்ள கணுவில் முதல் முடிச்சைப் போடுங்கள். அங்கிருந்து கழியில் நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டு போய் நுனியில் இரண்டாவது முடிச்சு. நுனி ஒடிந்தாலும் நரம்பு கணுவில் நிற்கும்.

நரம்பின் நீளம் கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். கம்பை நேராக நிமிர்த்தினால் முள் உங்கள் நெஞ்சுக்கு வந்து நிற்க வேண்டும். அதிகம் விட்டால் மீன் கைக்கு எட்டாமல் ஊசலாடும், முள் முகத்துக்கு வரும்.

நரம்பு, முள், ஈயம், தக்கை

ஜிலேபிக்கு 0.20 மி.மீ. தடிமனுள்ள நைலான் நரம்பு. சில ஊர்களில் தங்கூஸ் என்பார்கள். ஏறத்தாழ 3 கிலோ இழுவையைத் தாங்கும். "கெட்டியாக இருக்கட்டும்" என்று 0.40 வாங்கினால் தெளிந்த தண்ணீரில் மீனுக்குத் தெரியும், சுருண்டு நிற்கும், கடி கைக்கு வராது. கெளுத்திக்கு 0.28, பெரிய கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 0.35 போதும்.

முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். ஜிலேபிக்கு 10-ஆம் எண், கையகல மீன்கள் கடிக்கும் இடத்தில் 8, கெளுத்திக்கு 6. புதியவர்கள் அநேகமாக 4-ஆம் எண்ணை வாங்கி வந்து, புழு மட்டும் காணாமல் போகிறதே என்று தவிப்பார்கள். ஜிலேபியின் வாய் சிறியது. முள் வாய்க்குள்ளேயே போகாது. கூருக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் சின்னப் பிசிறை, அதாவது எதிர்முள்ளை, இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. மீன் வாயிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் முள் சிரமமில்லாமல் கழன்று வரும்.

ஈயத்துக்கு நடுவில் பிளவுள்ள சிறு குண்டுகளை வாங்குங்கள். நரம்பைப் பிளவில் வைத்து இடுக்கியால் அழுத்த வேண்டும். பல்லால் கடித்து அழுத்தும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஈயம் நஞ்சு, தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடவும் வேண்டாம்.

தக்கைக்கு நெட்டியோ, காய்ந்த சோளத்தட்டையின் உள்சோறோ, தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டோ போதும். செருப்புத் துண்டு என்றால் சுண்டுவிரல் பருமனில் 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஊசியால் நடுவில் துளையிட்டு, நரம்பை நுழைத்து, ஒரு ஈர்க்குச்சித் துண்டைச் செருகினால் நகராமல் நிற்கும். குச்சியை உருவினால் மேலும் கீழும் நகர்த்தலாம். தெர்மோகோல் வேண்டாம், உதிர்ந்து தண்ணீரில் கிடக்கும்.

தக்கைக்கும் ஈயத்துக்கும் உள்ள கணக்கு முக்கியம். ஈயம் கட்டியபின் தக்கையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். முழுதாக மிதந்தால் அதை இழுத்துக் கடிக்க மீனுக்கு பலம் தேவைப்படும். தடை உணர்ந்ததும் இரையைத் துப்பிவிடும். வீட்டு வாளியிலேயே போட்டுப் பார்த்து, ஈயத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொண்டு போங்கள். முள்ளிலிருந்து 15 செ.மீ. மேலே ஈயம் நிற்கட்டும்.

முடிச்சு

மீன் போனது என்று சொல்லப்படுவதில் பாதி, முடிச்சு அவிழ்ந்தது. காது உள்ள முள்ளுக்கு இந்த ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டும் போடப் பழகுங்கள்.

1. நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து 15 செ.மீ. வெளியே இழுங்கள்.
2. அந்த நுனியை நீள நரம்பின் மேல் 6 முறை சுற்றுங்கள். தடித்த நரம்பென்றால் 4 போதும்.
3. நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து, காதை ஒட்டியுள்ள சிறு கண்ணியில் நுழையுங்கள். அப்போது பக்கத்தில் ஒரு பெரிய கண்ணி உண்டாகும். நுனியை அதிலும் நுழைத்துவிடுங்கள்.
4. எச்சிலால் நனைத்து, நீள நரம்பை மெதுவாக இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பம்பரக் கயிறு போல வரிசையாக உட்கார வேண்டும். ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.
5. நுனியில் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

நனைக்காமல் இழுத்தால் நைலான் தன்மேலேயே உரசிச் சூடாகி அந்த இடத்தில் வலுவிழக்கும். மீன் இழுக்கும்போது சரியாக அங்கேதான் அறுபடும்.

கிராமத்துக் கடைகளில் காது இல்லாமல் தலை மட்டும் தட்டையான முள் விற்பார்கள். அதற்கு நரம்பை மடித்து ஒரு கண்ணி செய்து, முள்ளின் தண்டோடு ஒட்டி வையுங்கள். நுனியால் தண்டையும் நரம்பையும் சேர்த்து 7 சுற்று சுற்றுங்கள். பிறகு நுனியைக் கண்ணிக்குள் விட்டு, நனைத்து இறுக்குங்கள். நரம்பு தண்டின் உட்பக்கமாக, கூர் இருக்கும் பக்கமாகக் கிளம்ப வேண்டும். வெளிப்பக்கம் கிளம்பினால் இழுக்கும்போது முள் சாய்ந்து வழுக்கும்.

இரை

மண்புழுவை வெல்ல இன்னொரு இரை இல்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் வாழை அடியிலும், பழைய சாணக்குழி ஓரத்திலும் ஒரு சாண் தோண்டினால் கிடைக்கும். ஓட்டை போட்ட டப்பாவில் அதே ஈரமண்ணையும் கொஞ்சம் தென்னை நாரையும் போட்டு நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் கூழாகிவிடும்.

புழுவை முழுதாகக் கோர்க்காதீர்கள். 3 செ.மீ. துண்டாகக் கிள்ளி, காலுறை மாட்டுவது போல முள்ளின் வளைவு முழுவதும் ஏற்றி, நுனியில் அரை செ.மீ. வால் மட்டும் ஆடவிடுங்கள். நீளமாகத் தொங்கவிட்டால் மீன் தொங்கும் பாகத்தை மட்டும் பிடித்து இழுத்துத் தின்றுவிட்டுப் போகும்.

மாவு இரைக்கு மைதா 100 கிராம், தண்ணீர் 50 மி.லி. முதலில் பாதித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். பாக்களவு பஞ்சை நன்றாகப் பிய்த்துப் பரத்தி மாவோடு சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். பஞ்சின் இழை மாவைப் பிடித்துக்கொள்வதால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. ஈரத்துணியில் பொதிந்து 15 நிமிடம் ஊறவிட்டால் காதுமடலைத் தொட்டதுபோல மெத்தென்று இருக்கும். அதுதான் பதம். கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், விரிசல் விட்டால் குறைவு. முள்ளில் மிளகளவு முதல் கொண்டைக்கடலை அளவுக்குள் வையுங்கள், கூர் மட்டும் துளி வெளியே தெரியட்டும்.

மீனைக் கூட்டுவதற்கு அரை கிலோ தவிடும், ஒரு மணி நேரம் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு 200 கிராமும் சேர்த்து எலுமிச்சை அளவில் உருட்டிக்கொள்ளுங்கள். தக்கை நிற்கப்போகும் இடத்தில் முதலில் மூன்று உருண்டை, பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்று. ஆசைப்பட்டு மொத்தத்தையும் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். உங்கள் முள் பக்கம் திரும்பாது.

இடமும் நேரமும்

கரையோரத் தண்ணீரை நின்று பாருங்கள். முழங்கால் ஆழத்தில், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அழுத்தியதுபோல வட்டவட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டிய கூடு. பள்ளத்தின் உட்புறம் சேறில்லாமல் மணல் பளிச்சென்று இருந்தால் மீன் இப்போதும் அங்கே இருக்கிறது. பாசி படர்ந்திருந்தால் பழைய கூடு.

படித்துறை இன்னொரு நல்ல இடம். தினமும் பாத்திரம் கழுவிச் சோற்றுப் பருக்கை விழுவதால் மீன் அந்த இடத்துக்குப் பழகியிருக்கும். ஆட்கள் புழங்கும் நேரத்தில் போடாதீர்கள், அவர்கள் காலில் முள் குத்தும். வரத்துக்கால் ஏரியில் விழும் முகப்பு, தாமரைப் படர்ப்பின் விளிம்பு, காற்று அலையை மோதவிடும் கரை ஆகியவையும் நல்லவை. மேலே மிதக்கும் தீனியைக் காற்று அந்தக் கரைக்குத்தான் ஒதுக்கிக் கொண்டுவரும். முகத்தில் காற்றடிப்பது தொல்லைதான், ஆனால் மீன் அங்கே இருக்கிறது. ஏரிக்குள் கருவேல மரங்கள் நிற்கும் பக்கத்தை முதல் சில நாள் தவிர்த்துவிடுங்கள், முள் மாட்டியே பொழுது போய்விடும்.

விடியும் முன்பே போய் உட்கார வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாசி பிடித்த குளத்தில் அது வீண். இரவு முழுவதும் செடியும் பாசியும் மீனும் உயிர்வளியை எடுத்துக்கொண்டே இருப்பதால், விடியற்காலையில்தான் அது தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன என்று அர்த்தம். இரையைத் தொடாது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆனபின், 7 முதல் 10 வரையிலும், மாலை நாலரை முதல் பொழுது சாயும் வரையிலும் நல்ல நேரம். கோடையில் நடுப்பகலில் நிழலும் ஆழமும் உள்ள மதகுப்பக்கம் மீன் ஒதுங்கும். ஆனால் அந்த இடத்தின் ஆபத்தைக் கீழே படியுங்கள்.

மீனுக்கு உடலின் இருபுறமும் அதிர்வை உணரும் கோடு உண்டு. பேச்சைவிட, கரையில் தொப்பென்று வைக்கும் காலடியும் தரையில் போடும் வாளியும்தான் அதை விரட்டும். உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்காருங்கள்.

ஆழம் பார்ப்பது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஜிலேபி பெரும்பாலும் அடியிலிருந்து ஒரு சாணுக்குள் மேயும். இரை அதற்கு இரண்டடி மேலே நின்றால் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் கடி இல்லை. முள்ளில் தாராளமாக ஒரு கனத்த ஈயக்குண்டை மாட்டி, மீன் பிடிக்கப்போகும் இடத்தில் நேராக இறக்குங்கள். தக்கை முழுகினால், நரம்பில் தக்கையை மேலே ஏற்றுங்கள். தக்கை சாய்ந்து படுத்தால் ஏற்றியது அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தண்ணீர் மட்டத்தில் தெரிகிற இடம் சரியான ஆழம். கனத்த ஈயத்தை எடுத்துவிட்டு, தக்கையை நாலு விரற்கடை கீழே இறக்கினால் இரை தரைக்கு நாலு விரல் மேலே நிற்கும்.

பதினைந்து நிமிடத்தில் கடி இல்லையென்றால் இடத்தை மாற்றும் முன் ஆழத்தை மாற்றுங்கள். இரையை ஒரு சாண் ஏற்றிப் பாருங்கள், பிறகு தரையில் படும்படி இறக்கிப் பாருங்கள். மூன்றும் பொய்த்தால் பத்தடி தள்ளி உட்காருங்கள்.

தக்கையின் பேச்சு

தக்கை நடுங்கி நடுங்கி நின்று, பிறகு பக்கவாட்டில் நகர்ந்தால் ஜிலேபி. நடுங்கும்போது அது இரையைக் கொத்திப் பார்க்கிறது, நகரும்போதுதான் வாய்க்குள் வைத்திருக்கிறது. நகர்ந்ததும் இழுங்கள். நடுக்கத்துக்கே இழுப்பதுதான் புதியவர்கள் மீனை இழக்கும் முதல் காரணம். தக்கை முழுகாமல் மேலெழுந்து படுத்தால் மிர்கால் போன்ற அடிமேய்ச்சல் மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கியிருக்கிறது. அதுவும் கடிதான், உடனே இழுங்கள். ஒரே வேகத்தில் சாய்வாக உள்ளே போனால் கெளுத்தி. தக்கை மெல்ல மெல்ல ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்தால் நண்டாக இருக்கலாம். இரையைப் பார்த்து மாற்றுங்கள்.

இழுப்பது என்றால் கம்பைத் தலைக்குமேல் வீசுவது இல்லை. மணிக்கட்டை ஒரு சாண் உயர்த்தினால் போதும். பலமாக வீசினால் மீனின் மெல்லிய உதடு கிழியும். மீன் இல்லாவிட்டால் முள்ளும் ஈயமும் கண்ணை நோக்கிப் பறந்து வரும். சாதாரண மூக்குக்கண்ணாடியாவது போட்டிருங்கள்.

மாட்டியபின் கம்பு எப்போதும் வளைந்தே இருக்கட்டும். அந்த வளைவுதான் மீனைக் களைக்கவைக்கும். மீன் ஓடும் திசையிலேயே கம்பை நீட்டிவிட்டால் வளைவு போய், முழு இழுவையும் நரம்பில் விழும். அறுபடுவது அந்த நொடியில்தான். மீன் இடப்பக்கம் ஓடினால் கம்பை வலப்பக்கம் சாயுங்கள். கால் கிலோவைத் தாண்டும் மீனை நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், கைப்பிடி வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, மீனை அதன்மேல் நகர்த்திக் கொண்டுவந்து தூக்குங்கள்.

கையில் எடுக்கும்போது

ஜிலேபியின் முதுகுத் துடுப்பு முள் நிறைந்தது. தலைப்பக்கமிருந்து கையை வழித்துக்கொண்டு போய் முட்களை மடக்கிப் பிடியுங்கள். கெளுத்திக்கு மூன்று முள்: முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொன்று. ஈரத்துணியால் மூடி, பக்கமுட்களுக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். தேளி மீன் குத்தினால் தேள் கொட்டியது போலவே கடுக்கும். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள், வலி தணியும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

கையில் தூண்டில் முள் ஏறினால், எதிர்முள் தட்டையாக்கியது என்றால் வந்த வழியே உருவிவிடலாம். தட்டையாக்காத முள் ஆழமாக ஏறினாலோ, முகத்தில் கண்ணருகே குத்தினாலோ நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

சின்னவை, முட்டை வைத்திருக்கும் நாட்டு மீன்கள் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு எடுத்துத் திரும்ப விடுங்கள். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், பிறகு நோய் பிடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள். வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட மீன் அது, குளத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

உயிர் முக்கியம்

வண்டல் மண்ணும் சவுடும் அள்ளிய குழிகள்தான் இன்று ஏரிகளில் பெரிய ஆபத்து. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி இரண்டு ஆள் ஆழத்தில் விழும். தண்ணீர் நிறைந்தபின் மேலிருந்து எதுவும் தெரியாது. அதனால் விதி ஒன்றுதான்: கரையிலிருந்து பிடியுங்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான்.

மதகு திறந்திருந்தால் அதன் பக்கம் உள்ளிழுப்பு இருக்கும். கலங்கல் (உபரிநீர் வெளியேறும் சுவர்) மேல் தண்ணீர் வழியும்போது பாசி வழுக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் உட்காருபவர்கள், அன்று தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, தனிமரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போங்கள். மின்கம்பிக்குக் கீழே கம்பை நிமிர்த்தாதீர்கள். கார்பன் கம்பும் மின்சாரம் கடத்தும், ஈர மூங்கிலும் கடத்தும்.

தனியாகப் போகாதீர்கள். பத்து மீட்டர் கயிற்றின் நுனியில், மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனைக் கட்டி எடுத்துப் போங்கள். தண்ணீரில் விழுந்தவருக்கு அதை எறியுங்கள். நீச்சல் தெரிந்தாலும் பின்னாலேயே குதிக்காதீர்கள். கரைப் புதரில் பாம்பு இருக்கும், கம்பால் தட்டிவிட்டு உட்காருங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், கையைக் காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் படவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

விரால் எப்போது?

நாலைந்து முறை ஜிலேபி பிடித்துக் கை பழகியபின். விராலுக்கு ரீல் வைத்த 6 அல்லது 7 அடிக் கம்பும், பின்னல் நரம்பும், ரப்பர் தவளையும் வேண்டும். தாமரை இலைப் படர்ப்புக்கு அப்பால் எறிந்து, இலைகளின்மேல் தவழவிட்டு, இடைவெளி வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடி விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுங்கள். முதல் சத்தத்துக்கே இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும்.

ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பரப்பில் செம்பு நிறத்தில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஒரே கூட்டமாக, கொதிக்கும் சோறு போல மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். கோபத்தில் எதைப் போட்டாலும் கடிக்கும், அதனால் பிடிப்பதும் எளிது. பெற்றவை போய்விட்டால் அந்தக் கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் அன்றைக்கே முடித்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

சாக்கடையோ சாயக்கழிவோ கலக்கும் தண்ணீரில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் மீனைப் பிடித்தவுடன் கண்களுக்குச் சற்று மேலே கட்டையால் ஒரே அடி அடித்துக் கொன்றுவிடுங்கள். வாளியில் துடிக்கவிட்டுச் சாகடித்தால் மீனுக்கும் வதை, சதையும் சீக்கிரம் தளரும். பனிக்கட்டி இல்லையென்றால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.

ஜிலேபியின் வயிற்றுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உப்பு தொட்ட துணியால் முழுதும் தேய்த்து எடுங்கள். அதன் பிறகும் சேற்று வாடை இருக்கும். தண்ணீரிலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் சதையில் ஏறுவதால் வரும் வாடை அது. புளிப்பு அதைச் சிதைக்கும். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு உரசி, புளித்தண்ணீரிலோ மோரிலோ 20 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஏரி மீனுக்கு நம் வீடுகளில் புளி தாராளமாக விட்டுக் குழம்பு வைப்பதில் இந்தப் பலனும் இருக்கிறது. விரால் வழுக்கும், அடுப்புச் சாம்பலைத் தடவிக்கொண்டால் கத்திக்கு நிற்கும்.

எழுந்து வரும்போது அறுந்த நரம்பை ஒரு துண்டுகூடக் கரையில் விடாதீர்கள். நாரையின் காலிலும் நீர்க்காகத்தின் இறக்கையிலும் அது சுற்றிக்கொண்டால் பறவை பட்டினியில் சாகும். துண்டுகளைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள். முள்ளைத் துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, செருப்புத் துண்டில் குத்தி வையுங்கள். மூங்கிலைத் துடைத்து, சுவரில் சாய்க்காமல் இரண்டு ஆணிகளில் படுக்கை வாட்டில் மாட்டுங்கள். சாய்த்து வைத்தால் அடுத்த வாரத்துக்குள் வளைந்திருக்கும்.